செவலை வருவதற்கு முன்னால்

2023 பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போகிக்குக்கூடக் கழுவாத அளவுக்கு வீட்டைக் கழுவினோம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனத்தில் ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தோம், அதுதான் செவலை. அது மதுரைக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பெல்ட், தட்டு, படுக்கை எதுவும் அப்போது வாங்கவில்லை. முதலில் வாங்கியது இரண்டு பாட்டில் திரவ பிளீச்சும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும்தான்.

அதற்குக் காரணம் மணி. 2021 நவம்பர் மழையில் என் மகன் டியூஷன் முடிந்து வரும்போது சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்த தெருக்குட்டி. ஒன்றரை மாதம் இருக்கும். நாங்கள் எதற்கும் தயாராக இல்லை. டப்பா மூடியில் பசும்பால் ஊற்றினோம், முருங்கை மரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். இரண்டாம் நாளே வயிற்றால் போனது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தயிர்ச்சோற்றுக்கு மாற்றினோம். நான்காம் நாள் வாந்தி. அதையும் சோறு சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டோம். ரத்தமாகப் போனபிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் நிற்கவில்லை.

அந்த டாக்டர் சொன்ன ஒன்று இன்றுவரை மனதில் இருக்கிறது. பார்வோ உடம்புக்குள் போய் மூன்றிலிருந்து ஏழு நாளில்தான் பெரும்பாலும் வெளியே தெரியும், ஆகவே குட்டி வரும்போதே நோயோடு வந்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டைத் தினம் ஒன்றாக மாற்றியதால் எது பாலின் கோளாறு, எது நோய் என்று எங்களுக்குத் தெரியாமல் போனது. அதில் ஒன்றரை நாள் வீணானது. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "வாய்ப்பு கூடியிருக்கும்மா" என்றார், அவ்வளவுதான்.

குட்டிக்கு ஏற்பாடு செய்வது என்றால் எனக்கு இப்போது அதுதான் அர்த்தம். முதல் பத்து நாளில் ஏதாவது தப்பாகப் போனால் அது உடனே நம் கண்ணில் பட வேண்டும். என்ன வாங்கலாம், எது வேண்டாம் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

சரி, கழுவிய கதைக்கு வருகிறேன். பார்வோ வைரஸ் சாமானியமாகச் சாகாது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கு இந்த வைரஸ் அசையாது. வீட்டில் சுலபமாகக் கிடைப்பவற்றில் வேலை செய்வது பிளீச்தான். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச்சின் வேலை பாதியாகிவிடும். பிறகு கலவையை ஊற்றிப் பத்து நிமிடம் தரையை ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கழிவறை கழுவும் ஆசிடோடு பிளீச் சேரவே கூடாது, விஷவாயு வரும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அத்தையையும் மகனையும் மாடிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

மணி படுத்திருந்த சாக்கையும் பிளாஸ்டிக் மூடியையும் அப்போதே எரித்துவிட்டோம். முருங்கை மரத்தடி மட்டும் மிச்சம். மண்ணை பிளீச் சுத்தம் செய்யாது. பதினான்கு மாதம் ஆகியிருந்தாலும் எனக்கு மனது ஒப்பவில்லை. என் கணவர் வெல்டுமெஷ் கம்பிவலை வாங்கிவந்து அந்த மூலையையே அடைத்து, ஒரு சின்னக் கதவு வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டார். மீந்த மெஷ்ஷை வாசல் கேட்டின் அடிப்பகுதியில் கட்டினோம். கேட் கம்பிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது, இரண்டு மாதக் குட்டி அதில் நோகாமல் நுழைந்து போய்விடும்.

குட்டியை முதலில் பார்க்கப் போனபோது அதற்கு முப்பது நாள்தான். "இன்னைக்கே தூக்கிட்டுப் போங்கம்மா, நல்லா சாப்புடுது" என்றார் குட்டியைத் தருவதாகச் சொன்ன அண்ணாச்சி. தாயிடம் எட்டு வாரமாவது இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம், எப்போது விட வேண்டும் என்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளும்தான் கற்றுக்கொடுக்கும், நம்மால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. காத்திருக்கும் நாட்களுக்குத் தீனிச் செலவைக் கொடுத்துவிடுகிறோம் என்றோம், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஏழாவது வாரத்தில் முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டு, அட்டையில் தேதியும் எழுதி வாங்கினோம்.

அன்றைக்குக் கேட்ட இன்னொரு கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. "குட்டி என்ன சாப்பிடுது, எத்தனை மணிக்குச் சாப்பிடுது அண்ணாச்சி?" காலையில் கேப்பைக் கூழில் மோர், மதியம் குழைந்த சோறும் அவித்த முட்டையும், சாயங்காலம் மறுபடி கூழ், படுக்கும் முன் கொஞ்சம் சோறு. அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் வீட்டு மாவிலேயே இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார். முதல் வாரம் முழுக்க அதே மாவு, அதே நேரம். கடையில் வாங்கிய குட்டித் தீனியை எட்டாம் நாள்தான் பிரித்தோம். முதலில் கால் பங்கு, இரண்டு நாள் கழித்து அரைப் பங்கு, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றினோம். சாப்பாடு மாறாததால் முதல் வாரத்தில் மலம் கொஞ்சம் இளகினாலும் அது சாப்பாட்டால் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஐந்தாம் நாள் அப்படி ஆனபோது அரை மணி நேரத்தில் டாக்டரிடம் இருந்தோம். குடல்புழு. அடுத்த தவணைப் பூச்சி மருந்து கொடுத்ததும் சரியானது. மணிக்கு நடந்ததை நினைத்து அந்த அரை மணி நேரமும் என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பசும்பால் மட்டும் வேண்டாம். நம் வீடுகளில் குட்டி என்றால் பால்தான் முதலில் ஞாபகம் வரும். தாய்ப்பால் மறந்த குட்டிகள் நிறையவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். குடிக்கத் தண்ணீரே போதும்.

தண்ணீருக்கு நான் வைத்தது அகலமான மண்சட்டி. கனமாக இருப்பதால் கவிழ்க்க முடியாது, வெயில் காலத்தில் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு. பிளாஸ்டிக் தட்டில் பல் பட்ட கீறல்களில் அழுக்கு தங்கும், கழுவினாலும் போகாது.

படுக்கையில்தான் நான் ஏமாந்தேன். மெத்தென்று இருந்த ஒரு வட்டப் படுக்கையை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த மூன்றாம் நாள் அதன் ஓரத்தைப் பிய்த்து ஸ்பாஞ்சை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. விழுங்கியிருந்தால் குடலில் அடைத்திருக்கும். அத்தை உள்ளே போய்ப் பழைய நூல் சேலைகள் ஆறு எடுத்து வந்தார். நான்காக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நல்ல தடிமன் வரும். ஒன்று நனைந்தால் உருவித் துவைத்துக் காயப்போடலாம். சிப்பிப்பாறைக்குத் தடிமன் அவசியம். உடம்பில் கொழுப்பு குறைவு, ரோமம் குட்டை, தோல் மெல்லியது. வெறும் தரையில் படுத்தால் முழங்கையில் தோல் தடித்துவிடும், மார்கழி, தை இரவுகளில் நடுங்கும். சாக்கு வேண்டாம் என்பேன். சணல் நூலைக் கடித்து விழுங்கினால் அந்த நீளமான நூல் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், அறுவை சிகிச்சைவரை போகும்.

எங்கள் ஹாலில் வழுவழு டைல்ஸ். வளரும் குட்டி அதில் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் வழுக்கி அகன்றால் மூட்டுக்கு நல்லதல்ல. மீட்டர் கணக்கில் விற்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு வாங்கி, படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரைக்கும், அங்கிருந்து பின்வாசல்வரைக்கும் பாதைபோல விரித்தோம். கொடுத்த காசுக்கு இதுபோல் எதுவும் உழைக்கவில்லை.

அடுத்தது பெல்ட். கடையில் எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி பெல்ட்தான் காட்டுவார்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்தும் ஏறக்குறைய அதே அளவு. சாதாரண பெல்ட் போட்டால் பின்பக்கமாக இழுத்து உருவிக்கொண்டுவிடும். இரண்டாவது ஊசிக்குப் போன அன்று எங்களுக்கு அதுதான் நடந்தது. கிளினிக் வாசலில் இறக்கிவிடக் கூடாது என்று தெரிந்தும் ஒரு ஆட்டோவுக்கு வழிவிட அரை நிமிடம் தரையில் விட்டேன். ஹாரன் சத்தம் கேட்டதும் பின்னால் நகர்ந்தது, என் கையில் வெறும் பெல்ட். ஒரு டீக்கடைக்காரர் பாய்ந்து பிடித்துக் கொடுத்தார், அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இந்த வகை நாய்களுக்கென்று மார்ட்டிங்கேல் என்று ஒரு பெல்ட் இருக்கிறது. இழுத்தால் அளவோடு இறுகும், விட்டால் தளரும், ஆனால் தலை வழியாக உருவ முடியாது. அல்லது மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னெஸ். எதைப் போட்டாலும் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் வேண்டும், குட்டி வளரும் வேகத்துக்கு வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இரும்புச் செயின் வாங்கவே இல்லை. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பைக் கட்டிப்போட்டு வளர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வீட்டுக்குள் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று பார்க்க என் மகனைத் தரையில் தவழச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன், ஆனாலும் சந்தோஷமாகச் செய்தான். கட்டிலுக்கடியில் எலி பிஸ்கட் துண்டு ஒன்று கிடந்தது. நாங்கள் வைத்ததையே மறந்திருந்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் அந்துருண்டை, ஜன்னல் ஓரம் கொசுவர்த்திச் சுருள், தொங்கும் சார்ஜர் வயர். பூஜை அறையில் நாங்கள் நினைத்தே பார்க்காதது இருந்தது, நெய்யில் நனைத்த விளக்குத் திரி. அந்த வாசத்துக்கு எந்தக் குட்டியும் அதை விழுங்கிவிடும். கற்பூரமும் நாய்க்கு விஷம். அத்தை எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு மேல்தட்டுக்கு மாற்றினார். வெளியே பூவுக்காக வைத்திருந்த அரளிச் செடியைப் பிடுங்கிவிட்டோம். அத்தைக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அதன் இலை, தண்டு, பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் என்று தெரிந்ததும் அவரே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேகவைத்த எலும்பு, இவை எதுவும் கூடாது என்று. திராட்சை பலருக்குத் தெரியாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சைகூட நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில்தான் ஊட்டுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதனால்தான் எழுதி ஒட்டினேன்.

மருந்து டப்பாவில் வைத்தவை கொஞ்சம்தான். டிஜிட்டல் தெர்மாமீட்டர், உண்ணி எடுக்க ஒரு சின்ன இடுக்கி, கையுறை, ஊசி அட்டை, பகல் டாக்டர் எண், இரவில் பார்க்கும் டாக்டர் எண். இரவு எண்ணை முன்கூட்டியே கூப்பிட்டு, உண்மையில் எடுக்கிறார்களா என்று சோதித்துவிட்டேன். நாயின் உடல் சூடு நம்முடையதைவிடக் கூடுதல், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். இது தெரியாவிட்டால் காய்ச்சல் என்று பயந்து நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடுவோம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற மனிதர் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. கால்சியம் டானிக்கும் அப்படித்தான். எல்லாரும் வாங்கச் சொல்வார்கள், கடைக்காரரும் எடுத்து நீட்டுவார். குட்டிகளுக்கான தயார்த் தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குமேல் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கலாம் என்று எங்கள் டாக்டர் வாங்கிய பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அப்புறம் தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் மின்தராசு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. வந்த அன்று 3 கிலோ 200 கிராம். தினமும் காலையில் வெறும் வயிற்றோடு நிறுத்து காலண்டரில் எழுதினான் மகன். குட்டியின் எடை நாளுக்கு நாள் ஏறத்தான் வேண்டும். இரண்டு நாள் நின்றுபோனாலோ குறைந்தாலோ ஏதோ சரியில்லை. எதை வாங்காவிட்டாலும் தராசு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கூட்டி வந்த நாள் பிப்ரவரி முதல் வாரம். காரில் மூன்று மணி நேரம். வெயில் ஏறும் முன் வந்துவிட வேண்டும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் அங்கே நின்றோம். காலைக் கூழ் கொடுக்க வேண்டாம், வழியில் வாந்தி எடுக்கும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். நான்கு துண்டு, பழைய செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் வண்டியில். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் குட்டியைத் தரையில் விடவில்லை. முதல் ஊசி போட்டாயிற்றே என்று தைரியம் வரும், ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் ரத்தத்தில் மிச்சம் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் தடுத்துவிடும். அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு அழுக்குத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தார். நாங்கள் போன வாரம் கொடுத்துவிட்டு வந்த துண்டுதான், தாய் படுக்கும் இடத்தில் போட்டு வைத்திருந்தார். "தாய் வாசம் இருக்கு, துவைச்சிராதீங்க" என்றார். அன்று இரவு டிவி வந்த அட்டைப் பெட்டியில் சேலைகளுக்குமேல் அந்தத் துண்டைப் போட்டு, பெட்டியை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பத்தரைக்கு அழ ஆரம்பித்தது. கையை உள்ளே விட்டேன், விரலை மோந்து பார்த்துவிட்டுத் துண்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. ஒன்றரைக்கும் நாலரைக்கும் பின்வாசலுக்குத் தூக்கிப் போனேன். இரண்டு மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். அலாரம் வைத்துக்கொண்டது வீண்போகவில்லை. ஒருமுறை மட்டும் ஹாலில் போனது, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தோம். அமோனியா வாடை உள்ள கிளீனர் சிறுநீர் வாடையைப் போலவே இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்று சொல்வார்கள், அதை நாங்கள் தொடவில்லை.

நான்கு நாள் லீவு போட்டிருந்தேன். மகனின் நண்பர்களிடம் பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டோம். குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும், எழுப்பிக் கொஞ்சினால் சோர்ந்துபோகும். அவர்கள் கேட் மெஷ் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். விளையாட்டில் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லிப் பழக்கியிருந்தேன். குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.

கடைசித் தவணை ஊசி ஏப்ரல் தொடக்கத்தில். இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தோம். சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம் நடந்த வாரம், ஒரு சாயங்காலம், என் கணவர் கட்டிங் பிளேயர் எடுத்துவந்து முருங்கை மரத்தடிக் கதவின் கம்பியை முறுக்கெடுத்தார். மகன் தராசில் நிறுத்துவிட்டு வந்து நின்றான், எட்டரை கிலோ. செவலை உள்ளே போய் மரத்தைச் சுற்றி ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு வெயில் விழுந்த இடமாகப் பார்த்து மண்ணைப் பறித்து, அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது.